கட்டைக்கு ஒரு முழம்

தைப்பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய மறுநாள் காலை, கொக்கன்துறை இலகுநாதன் பிள்ளைகளை ஏற்றப் புறப்படுமுன் வழக்கம்போல வானின் பின்கதவைத் திறந்தபோது, கடைசி இருக்கையின் அடியில் வானின் அகலத்துக்கு ஓடியிருந்த ஒரு விரல் இடுக்கிலிருந்து துணி ஒன்று வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவன் நுனியைப் பிடித்து இழுத்தான், அது வந்தது, இன்னும் இழுத்தான், இன்னும் வந்தது, முற்றத்தை நிறைத்து, கிணற்றடி வரைக்கும் போய், வேலியோரம் கட்டியிருந்த ஆட்டின் முதுகையும் மூடிய பிறகு, கரை கட்டிய ஓரத்தோடு நேர்த்தியாக முடிந்தது. முழம் போட்டு அளந்து பார்த்தான். இருபத்திரண்டு முழம். அப்போதுதான் அயன் செய்து எடுத்தது போல இளஞ்சூடாக இருந்தது.

அது சொனோதா வான். யப்பானில் ஒரு பூக்கடைக்குப் பத்து வருடம் ஓடி, ஏலத்தில் கைமாறி, கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கடலுக்கு நடுவே போகும் தாம்போதியைக் கடந்து கொக்கன்துறைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. சாவியைத் திருப்பியதும் அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் யப்பான் மொழியில் ஏதோ சொல்லும். என்ன சொல்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஏறியிருக்கும் பதினான்கு பிள்ளைகளும் ஒரே குரலில் "ஓம் அக்கா" என்று பதில் சொல்லுவார்கள். அந்த அக்காவோடு கதைத்துப் பழகிய ஊருக்கு, வான் துணி நெய்தது பெரிய விடயமாகப் படவில்லை.

இலகுநாதன் மட்டும் முதல் நாள் கொஞ்சம் பயந்தான். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே கராஜுக்குப் போனான். கராஜ்காரர் அந்தோனி பாஸ் வானுக்குக் கீழே ஊர்ந்து போய்ப் பத்து நிமிடம் செருப்பு மட்டும் தெரியக் கிடந்தார்.

"நெய்யுதடாப்பா," என்றார் உள்ளேயிருந்து.

"என்னத்தை?"

"துணியைத்தான். வேறை என்னத்தை நெய்யிறது?"

"ஏன் பாஸ் நெய்யுது?"

அந்தோனி பாஸ் வெளியே வந்து கையைத் துடைத்தார். "எஞ்சின் சத்தம் சோக்கா இருக்கு. பிரேக் பிடிக்குது. ஒயில் ஒரு சொட்டும் கசியேல்லை. ஏன் நெய்யுதெண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? உன்ரை ஆடு பால் குடுக்குது. ஏன் குடுக்குதெண்டு அதைக் கேட்டனியே?"

"நூல் எங்கையிருந்து எடுக்குது?"

"அது அதின்ரை பாடு. நீ ஒயிலை மட்டும் நேரத்துக்கு மாத்து. ரெண்டு வேலை செய்யிற வண்டி."

மறுநாளும் இருபத்திரண்டு முழம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. சனி, ஞாயிறு வான் ஓடவில்லை, ஞாயிறும் திங்களும் காலையில் துணியும் வரவில்லை. திங்கட்கிழமை சங்கானைக்கு ஒரு கலியாண வீட்டுக்காரரை ஏற்றி இறக்கியதில் ஓட்டம் கூட, செவ்வாய் காலை துணியும் கூட வந்தது. அப்போதுதான் கணக்குப் பிடிபட்டது. கட்டைக்கு ஒரு முழம். கிலோமீற்றர் வந்து எத்தனையோ காலமாகியும் கொக்கன்துறையில் தூரத்தை இன்னும் கட்டையில்தான் சொல்லுவார்கள், ஒரு மைலுக்கு ஒரு கட்டை, அந்தக் கணக்கு யப்பானில் செய்த வானுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டவர்களுக்கு, ஆறு வருடம் இந்த ஊரில் ஓடினால் தெரியாதோ என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள்.

துணிக்கு ஒரு பக்கம் வெறும் வெள்ளை. மறுபக்கத்தில் ஓடிய பாதை இருந்தது. தாம்போதி போன இடத்தில் நீலம், வயல் வந்த இடத்தில் பச்சை, நெடுக ஒரு சாம்பல் கோடு றோட்டு. இடையிடையே ஒவ்வொரு வீட்டு வாசற் படலையும் அதனதன் நிறத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு நெய்யப்பட்டிருந்தது. வான் நின்ற இடமெல்லாம் ஒரு சிவப்பு முடிச்சு. எவ்வளவு நேரம் நின்றதோ அவ்வளவு பெரிய முடிச்சு. பிள்ளைகள் ஏறும் படலைகளில் எள்ளளவு. பள்ளிக்கூட வாசலில் மிளகளவு.

இது தெரிந்ததும் ஊர் முழுக்கத் தங்கள் தங்கள் படலை உள்ள துண்டைக் கேட்டு வந்தது. இலகுநாதன் கத்தரிக்கோலோடு முற்றத்தில் இருந்து, யாருக்கு எந்த முழமோ அதை வெட்டிக் கொடுத்தான். தலையணை உறை தைத்தார்கள், கதவுக்குத் திரை போட்டார்கள். பள்ளிக்கூடச் சட்டைக்கு வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்துத் தைத்தார்கள், பிள்ளைகள் தங்கள் வீட்டு வழியை முதுகோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு வகுப்பில் இருந்தார்கள். சலவைக்குப் போட்டால் றோட்டு மங்கவில்லை. மழை பெய்த நாளில் நெய்த துணி காயச் சற்று நேரம் கூடப் பிடித்தது, அவ்வளவுதான். பிறகு பாரிசிலும் லண்டனிலும் இருந்தவர்கள் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார்கள், எங்கட ஒழுங்கைக்குள்ளையும் ஒருக்கா வானை விடன் என்று கெஞ்சினார்கள், அவனும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இன்றைக்கு இந்த ஒழுங்கை, நாளைக்கு அந்த ஒழுங்கை என்று வளைத்து ஓட்டினான். பிள்ளைகளுக்கும் அது பிடித்திருந்தது.

ஊரில் இன்னொரு சொனோதாவும் இருந்தது. பிள்ளையார் கோயில் முகாமையாளர் நமசிவாயம் மாஸ்ரருடைய பழைய கார். பெற்றோல் இல்லாத அந்த யுத்த வருடங்களில், நாலு சொட்டுப் பெற்றோலைக் கரண்டியால் ஊற்றி எழுப்பிவிட்டு, மிச்சத் தூரம் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடிய கார். பிள்ளைப்பேற்றுக்கென்று அதில் போன பெண்கள் எத்தனையோ பேர், அதில் ஒருத்தி ஆஸ்பத்திரி வரைக்கும் பொறுக்காமல் பின்சீற்றிலேயே பெற்றாள், பிள்ளைக்குச் சொனோதினி என்று பெயர் வைக்கவேண்டும் என்று மாஸ்ரர் ஒற்றைக்காலில் நின்றார், தாய் சம்மதிக்கவில்லை. இப்படிப்பட்ட சேவை செய்த தன்னுடைய கார் சும்மா நிற்க, நேற்று வந்த வான் நெய்கிறதே என்பது அவருக்குத் தாங்கவில்லை. காரைக் கழுவினார், பொட்டு வைத்தார், நூற்கட்டை ஒன்றை வாங்கிப் பின்சீற்றில் வைத்தார். கார் ஓடியது. நெய்யவில்லை.

"அதுக்கு இனி வயசு போட்டுது மாஸ்ரர்," என்றார் அந்தோனி பாஸ். "கண் தெரியாது. ஊசியிலை நூல் கோர்க்க ஏலாது."

மாஸ்ரர் விடவில்லை. யப்பானுக்கே கடிதம் எழுதினார். பங்குனி முடிவதற்குள் பதில் வந்தது, கூடவே நிறுவனத்தின் வரலாறு என்று படம் போட்ட ஒரு புத்தகமும் வந்தது, எல்லாம் ஆங்கிலத்தில். அதை வாசிகசாலையில் வைத்து ஊருக்கு வாசித்துச் சொல்ல ஆங்கிலம் படிப்பிக்கும் சுகிர்தமலர் ரீச்சரைக் கூப்பிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் இலகுநாதனின் விடயத்தைச் சொல்லவேண்டும். அவனுக்கு நாற்பத்தேழு வயது. நாலு தங்கச்சிமாரையும் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகக் கரைசேர்த்து, கடைசித் தங்கச்சி கௌரிக்குத் தாலி ஏறியபோது அவனுக்குச் சம்பந்தம் பேசக்கூடியவர்கள் எல்லோரும் அவன் அப்படியே இருந்துவிடுவான் என்று முடிவுசெய்திருந்தார்கள். சுகிர்தமலருக்கு நாற்பத்திநாலு. பாயோடு கிடந்த தாயைப் பதினொரு வருடம் பார்த்தாள், போன வருடம் தாய் போய்ச்சேர்ந்தாள். கடற்கரை றோட்டில் ஒரு கட்டை தூரம் தள்ளி, பக்கத்தில் வேறு வீடில்லாத இடத்தில், பச்சைப் படலையும் நாவல் மரமுமாக இருந்தது அவளுடைய வீடு. அந்தத் திக்கில் வானுக்கு ஏற்ற இறக்கப் பிள்ளை ஒன்றும் இல்லை. ஆனாலும் கடைசிப் பிள்ளையை இறக்கிய பிறகு இலகுநாதன் வலப்பக்கம் திரும்பித் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே அந்த றோட்டில் போய், பச்சைப் படலைக்கு முன்னால் வானை நிறுத்தி, இறங்கி, பின் ரயரைக் காலால் உதைத்துப் பார்ப்பான். ரீச்சர் அந்த நேரம் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பாள்.

"என்ன, ரயர் இன்னும் சரிவரேல்லையோ?"

"ஓம் ரீச்சர். கொஞ்சம் காத்து இறங்கின மாதிரி."

"மாத்தலாமே."

"மாத்தத்தான் வேணும் ரீச்சர்."

மூன்று வருடமாக இதுதான் கதை. இதற்கிடையில் அவன் நாலு ரயரையும் மாற்றிவிட்டான், கதையை மாற்றவில்லை.

துணியில் அந்தப் படலையும் வந்தது. அதற்கு முன்னால் இருந்த முடிச்சு புளியங்கொட்டை அளவு இருந்தது. அதை முதலில் கண்ட காலை அவன் துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படலைக்கு வெளியே எட்டிப் பார்த்தான். நல்லகாலமாக அது ஓட்டத்தின் கடைசியில் வருவது, துணியின் கடைசி இரண்டு முழம், போன ஒரு கட்டையும் திரும்பி வந்த ஒரு கட்டையும். ஆட்கள் வருவதற்கு முன் அந்த இரண்டு முழத்தை மட்டும் வெட்டி மடித்து, கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். றோட்டை மாற்றலாம் என்றும் ஒரு நாள் நினைத்தான். அன்று பின்னேரம் வான் எப்படியோ பச்சைப் படலையடியில்தான் நின்றது. வானைக் குற்றம் சொல்ல முடியாது, ஸ்டியரிங் அவன் கையில்தான் இருந்தது.

வாசிகசாலையில் ரீச்சர் எழுந்து நின்று புத்தகத்தை வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். சொனோதா என்பவர் மழை அதிகம் பெய்யும் ஒரு மலை ஊரில் பிறந்தவர். அங்கே பெண்கள் ஈரத்தில் இருந்து நெய்து நெய்து முழங்கால் பிடித்துக் கஷ்டப்பட்டதைப் பார்த்து, நின்றபடியே நெய்யக்கூடிய ஒரு தறியைச் செய்தார். முப்பது வருடம் அந்தக் கொம்பனி தறிதான் செய்தது. பிறகு ஒரு பூமியதிர்ச்சியில் றெயில் பாதை உடைந்து, நெய்த துணி எல்லாம் மலைக்கு மேலேயே தேங்கிப்போக, துணியைக் கீழே இறக்குவதற்கென்று தறிக்கொட்டகைக்குள்ளேயே ஒரு லொறியைச் செய்தார்கள். முதல் லொறி மலை இறங்குவதற்குள் ஏழு தரம் நின்றது. ஏழு தரமும் சொனோதா இறங்கி, ஏற்றியிருந்த துணியின் சொந்தக்காரர்களிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். எட்டாவது தரம் அது நிற்கவில்லை.

எல்லோரும் ஜன்னலால் வெளியே நின்ற வானை எட்டிப் பார்த்தார்கள்.

"அதுதானே பாத்தன்," என்றார் அந்தோனி பாஸ். "நெசவுகாரன் வீட்டுப் பிள்ளை."

"கடிதத்திலை என்ன போட்டிருக்கு ரீச்சர்?" என்று மாஸ்ரர் கேட்டார்.

ரீச்சர் கடிதத்தைப் பிரித்தாள். சிரிப்பை அடக்குவது இலகுநாதனுக்குக் கடைசி வரிசையிலிருந்தே தெரிந்தது. "வானின்ரை இலக்கத்தைப் பாத்தவையாம். தொழிற்சாலையிலிருந்து வெளிக்கிடேக்கை அதிலை நெசவுக்கருவி ஒண்டும் பூட்டேல்லையாம். துணி நெய்யிறது உத்தரவாதத்துக்குள்ளை வராதாம். நெய்யிறது நிண்டுபோனாலும் உத்தரவாதத்துக்குள்ளை வராதாம். பஞ்சுத் தூசியை மாதம் ஒருக்காத் துடைக்கட்டாம்."

"மரியாதையான ஆக்கள்," என்றார் மாஸ்ரர்.

கூட்டம் கலையும்போதுதான் ரீச்சர் அதைச் சொன்னாள், யாரோ கேட்டதற்குப் பதிலாக, புத்தகத்தை மூடியபடி, சாதாரணமாக. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி எல்லாம் சரிப்படுத்திவிட்டானாம். விசா வந்துவிட்டதாம். பிள்ளையார் கோயில் தீர்த்தம் முடிந்த மூன்றாம் நாள் விமானம். பிறகு இலகுநாதனைத் தேடி வாசலுக்கு வந்தாள்.

"கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு உங்கட வான் வருமே? வேறை ஆரையும் எனக்குத் தெரியாது."

"வரும் ரீச்சர்," என்றான் இலகுநாதன்.

"ரயர் தாங்குமே?"

"தாங்கும் ரீச்சர்."

அன்றைக்குப் பிறகும் அவன் பச்சைப் படலையடியில் நின்றான், ரயரை உதைத்தான், ரயரைப் பற்றியே கதைத்தான். சொல்லவேண்டியதை வான் ஓடும்போது உரத்துச் சொல்லிப் பார்ப்பான், சரியாகத்தான் வந்தது. இறங்கி நின்றதும் வராது. நாட்கள் போயின. தகரப் பெட்டி நிறைந்தது, அவன் மிச்சத் துண்டுகளைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கில் கட்டி வைத்தான்.

ஆனி பிறந்தது. கோயில் கொடியேறுவதற்கு முன் அன்னதான மடத்தைத் திறந்து பார்த்தபோது மேற்கட்டித் துணியைக் கறையான் அரித்திருந்தது. சாப்பிடுகிறவர்களின் தலைக்கு மேலே மடத்தின் முழு அகலத்துக்கும் மேற்கட்டி கட்டாமல் கொக்கன்துறையில் இலை போடுவதில்லை. மாஸ்ரர் இலகுநாதன் வீட்டுக்கு வந்தார்.

"ஒரு மாதத் துணியை வெட்டாமல் கோயிலுக்குத் தா. பெண்டுகள் பொருத்தித் தைப்பினம்."

கோயில் கேட்டதை இல்லை என்று சொல்ல முடியாது. அவன் நாளுக்கு இருபது முழமாகத் தந்தான். இரண்டு முழம் குறைகிறதே என்று மாஸ்ரர் கேட்கவில்லை. தைத்த பெண்கள் கேட்டார்கள். நடுவில் ஒரு பெரிய சதுரத்துக்குத் துணி போதவில்லை. கௌரி தமையன் வீட்டைக் கூட்டுகிறவள், கட்டிலுக்குக் கீழே பூட்டிய பெட்டியும் கட்டிய சாக்கும் இருப்பது அவளுக்குத் தெரியும், சாவி சுவாமிப்படத்துக்குப் பின்னால் இருப்பதும் தெரியும். கோயிலுக்கென்று எடுத்து வைத்ததை அண்ணை மறந்துபோனார் என்று நினைத்து, அவன் பள்ளிக்கூட ஓட்டத்துக்குப் போயிருந்த நேரம் எல்லாவற்றையும் மடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

பதினொரு பெண்கள் மடத்துத் தரையில் இருந்து அந்தத் துண்டுகளைப் பிரித்தார்கள். முதல் துண்டில் ஒரு பச்சைப் படலை, ஒரு நாவல் மரம், ஒரு சிவப்பு முடிச்சு. இரண்டாவதிலும் அதே. மூன்றாவதிலும் அதே. பத்தாவது துண்டைப் பிரித்தபோது தையல் மெஷின் எல்லாம் நின்றுவிட்டன. கௌரி வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, பிறகு இரண்டும் என்று தெரிந்தது. யாரும் எதுவும் தீர்மானிக்கவில்லை. ஒருத்தி ஒரு துண்டை எடுத்து இன்னொன்றோடு பொருத்தினாள், மற்றவர்களும் தொடங்கினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து, மேற்கட்டியின் நடுச்சதுரமாகத் தைத்து முடித்தார்கள். கௌரி பெட்டியைப் பூட்டி, சாக்கில் பழந்துணி அடைத்து மேலே ஒரு துண்டை மட்டும் விட்டு, அண்ணை வருமுன் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். தீர்த்தத் திருவிழா வரைக்கும் பதினொரு பெண்களும் இதைப் பற்றி ஒருவரிடமும், புருசன்மாரிடமும்கூட, மூச்சு விடவில்லை. அந்த வருடம் கொக்கன்துறையில் நடந்த அதிசயம் எது என்று கேட்டால் வான் நெய்ததைவிட இதைத்தான் சொல்லவேண்டும்.

வெள்ளைப் பக்கத்தைக் கீழே வைத்துக் கட்டச் சொல்லி இலகுநாதன் மாஸ்ரரிடம் ஏற்கனவே கேட்டிருந்தான். பெட்டி காலியானது தெரியாமலே, ஏதோ ஒரு பயத்தில் கேட்டிருந்தான். மாஸ்ரர் யோசித்துப் பார்த்தார். "வெறும் வெள்ளையைக் கீழ விட்டா செத்தவீடு மாதிரி இருக்குமடாப்பா," என்று சொல்லி, படம் உள்ள பக்கத்தைக் கீழே விட்டுக் கட்டுவித்தார்.

தீர்த்தமன்று முதல் பந்தியிலேயே மடம் நிறைந்தது. இலகுநாதன் பருப்பு வாளியோடு வரிசையில் போய்க்கொண்டிருந்தான். இலைக்கு இலை பருப்பு விட்டுக்கொண்டு போகையில், யாரும் இலையைப் பார்க்கவில்லை என்பது மெதுவாக அவனுக்குத் தெரிந்தது. எல்லோரும் அண்ணாந்திருந்தார்கள்.

"அந்தா எங்கட வீடு!"

"தாம்போதி எவ்வளவு வடிவா விழுந்திருக்கு பார்."

"நடுவிலை கிடக்கிறது ஆரின்ரை படலை? பச்சைப் படலை?"

"கடற்கரை றோட்டிலை பச்சைப் படலை ஒண்டுதானே."

"ஒண்டுக்கு ஏன் இத்தினை போட்டிருக்கு?"

"ஒவ்வொரு நாளும் போயிருக்கிறான். அதுதான் ஒவ்வொண்டு."

"அங்கை வானிலை ஏறப் பிள்ளை ஒண்டும் இல்லையே!"

"பிள்ளை இல்லை. ரீச்சர் இருக்கிறா."

"முடிச்சைப் பாருங்கோ, புளியங்கொட்டை அளவிலை!"

"அது," என்று அந்தோனி பாஸ் இலைக்கு முன்னால் இருந்தபடி மடம் முழுக்கக் கேட்கச் சொன்னார், "ரயருக்குக் காத்துப் பாக்கிற நேரம்."

சிரிப்பு எழுந்தது. முதலில் பெண்களின் வரிசையில் எழுந்தது, பிறகு மடம் முழுவதும் பரவி, சமையற்கட்டில் அகப்பையோடு நின்றவர்களும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். கேலியாக இருந்தால் இலகுநாதன் ஓடியிருப்பான். அது கேலி இல்லை, நெடுநாள் வராத மழை வந்ததைப் பார்த்துச் சிரிப்பது போன்ற சிரிப்பு, அதனால் அவன் பருப்பை ஒரு பெரியவரின் கையில் ஊற்றியபடி நின்றான். பெரியவர் கையை எடுக்கவில்லை.

சுகிர்தமலர் பெண்கள் வரிசையில் மூன்றாவது ஆளாக இருந்தாள். அவளும் அண்ணாந்து பார்த்தாள். நெடுநேரம், ஒவ்வொரு படலையாக, விடைத்தாள் திருத்துவது போலப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து பாயசத்தை ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தாள், இலையை மடித்தாள், கை கழுவினாள், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் கௌரியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு வான் வரவேண்டும். துணைக்குக் கௌரியும் வந்தால் நல்லது.

அந்தோனி பாஸ் தானாகவே வந்து சேர்ந்தார். "டேய் இலகு. ஒரு வயரை மட்டும் கழட்டி விடட்டே? வவுனியா தாண்ட நிக்கும். பிளேன் போயிடும். பேந்து ஆறுதலாக் கதைக்கலாம்."

"வேண்டாம் பாஸ்."

"உனக்கு விசரே?"

"ஹயர் எண்டு எடுத்தா கொண்டுபோய் விடவேணும். இந்த வான் வழியிலை நிண்டதெண்டு ஒரு நாளும் பேர் எடுக்கேல்லை. அவ போற நாளிலை எடுக்கப்படாது."

அந்தோனி பாஸ் சாரத்தை மடித்துக் கட்டினார். பிறகு வானுக்கு ஒயில் மாற்றி, நாலு ரயருக்கும் காற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை ஊர் படலைகளில் நின்று கையசைத்தது. ரீச்சர் முன்சீற்றில் இருந்தாள். கௌரி பின்னால் ஏறித் தாம்போதி தாண்டுமுன்பே கண்ணை மூடிக்கொண்டாள். யாழ்ப்பாணம் போனது, ஆனையிறவு போனது, உப்பளத்தின் மேல் வெயில் ஏறியது. இலகுநாதன் றோட்டைப் பார்த்து ஓட்டினான். ரீச்சரும் றோட்டைப் பார்த்தாள். முறிகண்டியில் எல்லா வாகனங்களும் நிற்பது போல அவனும் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தான். ரீச்சர் இறங்கி வானில் சாய்ந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு மடத்திலை மேல பாத்தன்," என்றாள்.

"ஓம் ரீச்சர்."

"வடிவா இருந்துது."

"ஓம் ரீச்சர்."

"துணி சொன்னதைக் கண்டன். ஊர் சொன்னதையும் கேட்டன். நீங்கள் சொன்னதெண்டு நான் இன்னும் ஒண்டும் கேக்கேல்லை. மூண்டு வருசமா ரயரைப் பற்றித்தான் கதைச்சனீங்கள்."

பஸ்கள் வந்து நின்றன, ஆட்கள் இறங்கினார்கள், ஒருவருக்குப் பின் ஒருவராகத் தேங்காய்கள் உடைந்தன. இலகுநாதன் ரயரைப் பார்த்தான். கால் தானாக எழும்பியது. அதைக் கீழே வைத்தான்.

"போகாதேங்கோ," என்றான்.

"ஏன்?"

அவன் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"ஏனெண்டு சொல்லவேணுமெல்லே. முழு வசனமாச் சொல்லுங்கோ."

"நீங்கள் போனா," என்று தொடங்கினான். செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினான். "நீங்கள் போனா அந்த றோட்டு எனக்கு இல்லாமல் போயிடும். நீங்கள் இஞ்சை நிக்கவேணும் எண்டு எனக்கு விருப்பம். என்னோடை நிக்கவேணும் எண்டு விருப்பம்."

"இப்ப சரி," என்றது வானுக்குள்ளிருந்து கௌரியின் குரல்.

சுகிர்தமலர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கச்சான் கோதைக் கீழே கொட்டினாள், கையைச் சேலையில் துடைத்தாள், கைப்பையைத் திறந்து தொலைபேசியை எடுத்துத் தம்பியின் இலக்கத்தை அழுத்தினாள். ரொறன்ரோவில் அது சாப்பாட்டுக்குப் பிந்திய நேரமாக இருக்கவேண்டும், பின்னால் கோப்பைகள் கழுவும் சத்தம் இலகுநாதனுக்கும் கேட்டது. முறிகண்டியில் நிற்கிறேன் என்று அவள் சொன்னதும் தம்பி கேள்விகளாகக் கேட்டான். ஏன் நிக்கிறாய், முறிகண்டியிலை இந்த நேரமோ, வான் பழுதாப் போச்சோ, நான் வேறை வான் ஒண்டு அனுப்பட்டோ என்று மூச்சு விடாமல் கேட்டான். அவன் ஓயும்வரைக்கும் அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் கண்கள் இலகுநாதனின் முகத்தில் இருந்தன. மூன்று வருடத்தில் முதல்முறையாக அவனும் ரயரைப் பார்க்காமல் நின்றான்.

"இல்லையடா தம்பி," என்றாள் அவள். "வான் நல்லாத்தான் ஓடுது. நான்தான் வரேல்லை."